இன்டர்வல் கண்டுபிடிக்க: எழுத்தை முதலில் எண்ணுங்கள், செமிடோன் அப்புறம்

கேள்வி: கீபோர்டு கற்கிறேன், தியரி தேர்வுக்குப் படிக்கிறேன். இரண்டு நோட்டுகளுக்கு நடுவே எத்தனை செமிடோன் என்று எண்ணித்தான் இன்டர்வல் பெயர் எழுதுகிறேன். பாதிக்குப் பாதி தப்பாகிறது. காதால் கேட்டுச் சொல்லச் சொன்னால் அதைவிட மோசம். சிறு வயதில் கர்நாடக சங்கீதம் வர்ணம் வரை படித்திருக்கிறேன். அது உதவுமா?

நிறையவே உதவும். ஓர் இடத்தில் காலையும் வாரும். அதைக் காதுப் பயிற்சிக்கு வரும்போது சொல்கிறேன். முதலில் தாளில் எழுதும் கணக்கைச் சரிசெய்வோம்.

இன்டர்வல் என்பது இரண்டு நோட்டுகளுக்கு நடுவே உள்ள தூரம். செமிடோன் என்பது கீபோர்டில் (வெள்ளை, கறுப்பு இரண்டையும் சேர்த்து) ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள தூரம். உங்கள் சிக்கலே செமிடோனிலிருந்து தொடங்குவதுதான். 'மைனர் தேர்ட்' என்ற பெயரில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. 'தேர்ட்' என்பது எண். 'மைனர்' என்பது தரம். எண் முழுக்க முழுக்க எழுத்துப் பெயரிலிருந்து வருவது. சி, டி, ஈ என்று எண்ணினால் மூன்று எழுத்து. ஆகவே சி-க்கும் ஈ-க்கும் நடுவே இருப்பது தேர்ட். சி – ஈ ஃப்ளாட், சி ஷார்ப் – ஈ, சி ஃப்ளாட் – ஈ ஷார்ப், எல்லாமே ஏதோ ஒரு வகைத் தேர்ட்தான். ஷார்ப்பும் (ஒரு செமிடோன் உயர்த்தும் குறி) ஃப்ளாட்டும் (ஒரு செமிடோன் தாழ்த்தும் குறி) எண்ணைத் தொடவே தொடாது, தரத்தைத்தான் மாற்றும்.

செமிடோன் எண்ணினால் என்ன ஆகிறது? சி-யிலிருந்து டி ஷார்ப் வரை 3 செமிடோன். சி-யிலிருந்து ஈ ஃப்ளாட் வரையும் 3 செமிடோன். கீபோர்டில் இரண்டும் ஒரே கறுப்புக் கட்டை. ஆனால் முதலாவது ஆக்மென்டட் செகண்ட், இரண்டாவது மைனர் தேர்ட். 3 என்ற விடை கையில் இருந்தும் எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியாது. நீங்கள் பழக்கமான பெயரான மைனர் தேர்டை எழுதிவிடுவீர்கள், மதிப்பெண் போய்விடும்.

கர்நாடக சங்கீதம் படித்தவருக்கு இது புதிதே இல்லை. ஷட்ஸ்ருதி ரிஷபமும் (ரி3) சாதாரண காந்தாரமும் (க2) ஒரே ஸ்தானம், அதாவது ஒரே ஸ்வர இடம். நாட்டையில் அதை 'ரி' என்று பாடுகிறோம், கரஹரப்ரியாவில் 'க' என்று பாடுகிறோம். ஸ்தானம் 12, பெயர் 16. நாட்டையில் அந்தர காந்தாரம் ஏற்கெனவே 'க' என்ற எழுத்தை எடுத்துக்கொண்டதால், அதற்குக் கீழே இருப்பது 'ரி'யாகத்தான் இருந்தாக வேண்டும். மேற்கத்திய ஸ்கேலிலும் அதே நியாயம்தான்: ஏழு எழுத்தும் ஆளுக்கு ஒருமுறை வர வேண்டும். சி-யை ஸட்ஜமாக வைத்தால் ரி3 என்பது டி ஷார்ப், அதாவது ஆக்மென்டட் செகண்ட். க2 என்பது ஈ ஃப்ளாட், மைனர் தேர்ட். இன்னும் நீட்டலாம். க1 டிமினிஷ்ட் தேர்ட், த3 ஆக்மென்டட் சிக்ஸ்த், நி1 டிமினிஷ்ட் செவன்த். மாயாமாளவகௌளையின் ரி1 – க3, த1 – நி3 இரண்டுமே ஆக்மென்டட் செகண்ட்; சரளி வரிசையிலேயே அதைப் பாடிவிட்டீர்கள். சி ஹார்மோனிக் மைனர் ஸ்கேலில் ஏ ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவே தேர்வாளர்கள் விரும்பிக் கேட்கும் அந்த இன்டர்வலும் இதுவே.

எண்ணுவதில் இரண்டு தவறுகள் உண்டு, இரண்டும் எதிர்த் திசையில் போகும். எழுத்தை எண்ணும்போது தொடங்கும் எழுத்தையும் சேர்க்க வேண்டும்: டி-யிலிருந்து ஏ என்றால் டி, ஈ, எஃப், ஜி, ஏ, ஐந்து, ஃபிஃப்த். செமிடோனை எண்ணும்போது தொடங்கும் கட்டையைச் சேர்க்கக் கூடாது. அங்கே நாம் எண்ணுவது கட்டைகளை அல்ல, ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்குத் தாவும் தாவல்களை. இரண்டையும் ஒரே மாதிரி எண்ணினால் ஒன்று கட்டாயம் தப்பும். பலருக்கு ஃபிஃப்தில் 8 செமிடோன் வருவது இதனால்தான்.

ஆர்மோனியக் கட்டைக் கணக்கு தெரிந்தவர்கள் அதையும் பயன்படுத்தலாம். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. இரண்டு கட்டையிலிருந்து ஆறு கட்டைக்கு: 6-இல் 2 போக 4, ஒன்று கூட்டினால் 5, ஃபிஃப்த். மேல் ஸ்தாயிக்குத் தாண்டினால் 7 சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அரைக் கட்டைகளுக்கு இந்தக் கணக்கு கைகொடுக்காது. இரண்டரை என்பது டி ஷார்ப்பா ஈ ஃப்ளாட்டா என்று அந்தப் பெயர் சொல்வதில்லை. மூன்றரை கிடையாது, ஏழரையும் கிடையாது (நல்லவேளை). அந்த இரண்டு இடங்களில் மட்டும் பக்கத்துப் பக்கத்து வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு செமிடோன். அடுத்துச் சொல்லப்போகும் முறை முழுவதும் இந்த இரண்டு இடங்களின் மேல்தான் நிற்கிறது.

இப்போது தரம். செகண்ட், தேர்ட், சிக்ஸ்த், செவன்த் நான்கும் மேஜர் அல்லது மைனராக இருக்கும். யூனிசன், ஃபோர்த், ஃபிஃப்த், ஆக்டேவ் நான்கும் பெர்ஃபெக்டாக இருக்கும். மேஜர் ஃபிஃப்த் என்றோ பெர்ஃபெக்ட் தேர்ட் என்றோ எதுவும் இல்லை. அப்படி எழுதினால் மீதி சரியாக இருந்தாலும் பயனில்லை. மேஜரிலிருந்து ஒரு செமிடோன் குறைந்தால் மைனர், இன்னொன்று குறைந்தால் டிமினிஷ்ட். பெர்ஃபெக்டிலிருந்து ஒன்று குறைந்தாலே நேராக டிமினிஷ்ட். மேஜரோ பெர்ஃபெக்டோ ஒரு செமிடோன் கூடினால் ஆக்மென்டட்.

தரத்தைக் கண்டுபிடிக்க நான் பரிந்துரைப்பது வெள்ளைக் கட்டை முறை. ஷார்ப் ஃப்ளாட் எல்லாவற்றையும் மனத்தில் கழற்றிவிட்டு வெறும் எழுத்துகளின் இன்டர்வலைச் சொல்லுங்கள். பிறகு கழற்றியதை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். இதற்கு மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செகண்டில் ஈ – எஃப், பி – சி இரண்டும் மைனர், மற்றவை மேஜர். தேர்டில் சி, எஃப், ஜி மூன்றின் மேல் எழுவது மேஜர் (சி – ஈ, எஃப் – ஏ, ஜி – பி). டி, ஈ, ஏ, பி மேல் எழுவது மைனர். ஃபோர்த் எல்லாமே பெர்ஃபெக்ட், எஃப் – பி ஒன்றைத் தவிர, அது ஆக்மென்டட். ஃபிஃப்த் எல்லாமே பெர்ஃபெக்ட், பி – எஃப் ஒன்றைத் தவிர; அது டிமினிஷ்ட். சிக்ஸ்தில் ஈ – சி, ஏ – எஃப், பி – ஜி மைனர், மற்ற நான்கும் மேஜர். செவன்தில் சி – பி, எஃப் – ஈ மட்டும் மேஜர், மற்ற ஐந்தும் மைனர். அவ்வளவுதான். சிக்ஸ்தும் செவன்தும் மறந்தால் கவலையில்லை, தலைகீழாக்கி எடுத்துக்கொள்ளலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாட்டும் விதி இது: மேல் நோட்டு ஷார்ப் ஆனால் விரியும், ஃப்ளாட் ஆனால் சுருங்கும். கீழ் நோட்டு ஷார்ப் ஆனால் சுருங்கும், ஃப்ளாட் ஆனால் விரியும். இரண்டிலும் ஒரே குறி இருந்தால் எதுவும் மாறாது. கீழ் நோட்டில்தான் கை தடுமாறும்; ஷார்ப் என்றாலே 'கூடுதல்' என்று மனம் நினைத்துக்கொள்கிறது. கீழ்ப்படி உயர்ந்தால் மேல்படிக்கு உள்ள தூரம் குறைகிறது, அவ்வளவுதான் விஷயம்.

டி ஷார்ப் – பி என்று கேட்கிறார்கள். கழற்றினால் டி – பி, மேஜர் சிக்ஸ்த். கீழே ஷார்ப், ஒரு படி சுருங்குகிறது: மைனர் சிக்ஸ்த். பி ஃப்ளாட் – எஃப் ஷார்ப்: கழற்றினால் பி – எஃப், டிமினிஷ்ட் ஃபிஃப்த். கீழே ஃப்ளாட், விரிந்து பெர்ஃபெக்ட். மேலே ஷார்ப், மறுபடி விரிந்து ஆக்மென்டட் ஃபிஃப்த். எஃப் ஷார்ப் – ஈ ஃப்ளாட்: கழற்றினால் எஃப் – ஈ, மேஜர் செவன்த். கீழே ஷார்ப், மைனர். மேலே ஃப்ளாட், டிமினிஷ்ட் செவன்த். ஏ ஃப்ளாட் – டி ஷார்ப் என்று எங்காவது வந்தால் பயப்பட வேண்டாம்: ஏ – டி பெர்ஃபெக்ட் ஃபோர்த், இரண்டு முறை விரிந்து டபுளி ஆக்மென்டட் ஃபோர்த். கீபோர்டில் அமுக்கினால் அச்சு அசலாகப் பெர்ஃபெக்ட் ஃபிஃப்த் போல ஒலிக்கும், 7 செமிடோன். பெயர் அதுவல்ல.

புத்தகங்களில் இன்னொரு முறை இருக்கும்: கீழ் நோட்டை டானிக்காக (ஸ்கேலின் ஆதார நோட்டாக) வைத்து அதன் மேஜர் ஸ்கேலை நினைவுபடுத்து, மேல் நோட்டு அந்த ஸ்கேலில் இருந்தால் மேஜர் அல்லது பெர்ஃபெக்ட். நல்ல முறைதான், டி, ஜி, பி ஃப்ளாட் போன்ற கீழ் நோட்டுகளுக்கு வேகமானதும்கூட. ஆனால் கீழ் நோட்டு டி ஷார்ப்போ ஜி ஷார்ப்போ ஆனால் டபுள் ஷார்ப் (இரண்டு செமிடோன் உயர்த்தும் குறி) வரும் ஒரு ஸ்கேலைத் தலையில் கட்ட வேண்டியிருக்கும், அங்கே இது நொண்டும். வெள்ளைக் கட்டை முறைக்கு அந்தத் தொல்லை இல்லை.

செமிடோன் கணக்கைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது சரிபார்க்கும் கருவி. மைனர் செகண்ட் 1, மேஜர் செகண்ட் 2, மைனர் தேர்ட் 3, மேஜர் தேர்ட் 4, பெர்ஃபெக்ட் ஃபோர்த் 5, ஆக்மென்டட் ஃபோர்தும் டிமினிஷ்ட் ஃபிஃப்தும் 6, பெர்ஃபெக்ட் ஃபிஃப்த் 7, மைனர் சிக்ஸ்த் 8, மேஜர் சிக்ஸ்த் 9, மைனர் செவன்த் 10, மேஜர் செவன்த் 11, ஆக்டேவ் 12. பெயரை எழுதிய பிறகு எண்ணிப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் கீழ் நோட்டின் குறியைத் தலைகீழாகக் கணக்கிட்டிருப்பீர்கள்.

ஸ்டாஃபில் (நோட்டுகளை எழுதும் ஐந்து கோடுகளில்) எழுத்தைக்கூட எண்ணாமல் கண்ணாலேயே எண்ணைப் பிடிக்கலாம். இரண்டும் கோட்டில், அல்லது இரண்டும் இடுக்கில் இருந்தால் எண் ஒற்றைப்படை: பக்கத்துக் கோடு என்றால் தேர்ட், நடுவில் ஒரு கோடு விட்டால் ஃபிஃப்த், இரண்டு கோடு விட்டால் செவன்த். ஒன்று கோட்டிலும் மற்றது இடுக்கிலும் இருந்தால் இரட்டைப்படை: செகண்ட், ஃபோர்த், சிக்ஸ்த், ஆக்டேவ். ஆக்டேவைக் கோடு – கோடு என்று நினைத்து செவன்தோடு குழப்புவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஒற்றையா இரட்டையா என்று ஒரு நொடி பார்த்தாலே அது தீர்ந்துவிடும்.

தாளில் மதிப்பெண் போகும் மற்ற இடங்கள்: கீ சிக்னேச்சரை (வரியின் தொடக்கத்தில் போடும் ஷார்ப், ஃப்ளாட் குறிகளை) மறப்பது, அதே பாரில் முன்னால் வந்த ஷார்ப் இன்னும் உயிரோடு இருப்பதைக் கவனிக்காதது, பேஸ் கிளெஃபை ட்ரெபிள் என்று வாசிப்பது. கடைசியாகச் சொன்னதில் எண் சரியாகவே வரும், தரம் மட்டும் தப்பும்; அதனால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க நேரமாகும். மெலடியில் மேல் நோட்டு முதலில் வந்து கீழ் நோட்டு பின்னால் வந்தாலும் கீழேயிருந்துதான் எண்ண வேண்டும். முதலில் வந்ததிலிருந்து மேல்நோக்கி எண்ணினால் தலைகீழ் இன்டர்வல் கிடைக்கும்.

தலைகீழ் என்றால், கீழ் நோட்டை ஓர் ஆக்டேவ் மேலே தூக்கி வைப்பது. எண்கள் இரண்டையும் கூட்டினால் 9 வரும்: தேர்ட் சிக்ஸ்தாகும், செகண்ட் செவன்தாகும், ஃபோர்த் ஃபிஃப்தாகும். மேஜர் மைனராகும், ஆக்மென்டட் டிமினிஷ்டாகும், பெர்ஃபெக்ட் பெர்ஃபெக்டாகவே இருக்கும். செமிடோன்கள் கூட்டினால் 12. ஆக, ஏ – எஃப் என்ன சிக்ஸ்த் என்று தெரியவில்லையா? எஃப் – ஏ மேஜர் தேர்ட். எனவே ஏ – எஃப் மைனர் சிக்ஸ்த். ஆக்டேவைத் தாண்டியவற்றுக்கு 7-ஐக் கழித்துவிட்டுப் பார்த்தால் போதும்: டென்த் என்பது ஒரு தேர்ட், ட்வெல்த் என்பது ஒரு ஃபிஃப்த், தரம் அப்படியே இருக்கும்.

இனி காது. இங்கே உங்கள் கர்நாடகப் பயிற்சி பெரிய சொத்து. ஸட்ஜத்திலிருந்து ஒவ்வொரு ஸ்வரத்தின் தூரமும் உங்கள் தொண்டையில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேற்கத்தியப் பெயரை ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. ஸ – ரி1 மைனர் செகண்ட், ஸ – ரி2 மேஜர் செகண்ட், ஸ – க2 மைனர் தேர்ட், ஸ – க3 மேஜர் தேர்ட், ஸ – ம1 பெர்ஃபெக்ட் ஃபோர்த், ஸ – ம2 ஆக்மென்டட் ஃபோர்த், ஸ – ப பெர்ஃபெக்ட் ஃபிஃப்த், ஸ – த1 மைனர் சிக்ஸ்த், ஸ – த2 மேஜர் சிக்ஸ்த், ஸ – நி2 மைனர் செவன்த், ஸ – நி3 மேஜர் செவன்த்.

ஒரு எச்சரிக்கை: ராகத்தில் பாடும் ஸ்வரத்தை அளவுகோலாக எடுக்காதீர்கள், ஸ்தானத்தை எடுங்கள். தோடியின் காந்தாரம் கமகத்தோடு அசைவது. அது ஒரு புள்ளியில் நிற்கும் மைனர் தேர்ட் அல்ல. பயிற்சிக்கு அசைவில்லாமல், கீபோர்டு கொடுக்கும் நேர் ஸ்வரமாகப் பாடுங்கள். சினிமாப் பாட்டின் முதல் இரண்டு நோட்டை அடையாளமாக வைத்துக்கொள்ளும் வழக்கத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. பாடகர் எங்கிருந்து சறுக்கி வந்து அந்த நோட்டைத் தொடுகிறார் என்பது ஞாபகத்தில் கலந்துவிடும். போதாததற்கு, ஒரு பாட்டு ஏறு திசைக்கு மட்டும் உதவும். இறங்கு திசைக்கு வேறு பாட்டு தேட வேண்டும். தொடக்கத்தில் ஊன்றுகோலாக இருக்கட்டும், சீக்கிரம் கழற்றிவிடுங்கள்.

இப்போது கால் வாரும் இடம். கர்நாடகக் காது எல்லாவற்றையும் ஒரே ஸட்ஜத்திலிருந்து கேட்கும். இன்டர்வல் கேள்வியில் நிலையான ஸட்ஜம் என்று ஒன்று கிடையாது. இரண்டு நோட்டுகளுக்கும் நடுவே உள்ள உறவு மட்டும்தான் கேள்வி. சி சுருதி மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது எஃப் – ஏ வாசித்தால் உங்களுக்கு 'ம – த' என்று கேட்கும், ஜி – பி வாசித்தால் 'ப – நி' என்று கேட்கும். சி – ஈ 'ஸ – க'. மூன்றும் ஒரே மேஜர் தேர்ட். உங்களுக்கோ மூன்று வேறு விஷயங்கள். சின்ன வயதில் படித்தும் காதுத் தேர்வில் தடுமாறுவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும், காதில் குறையில்லை.

தீர்வும் கர்நாடக சங்கீதத்திலேயே இருக்கிறது: கிரக பேதம், அதாவது ஒரு ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்துக் கேட்பது. மோகனத்தின் ரி-யை ஸட்ஜமாக்கினால் மத்யமாவதி, க-வை ஆக்கினால் ஹிந்தோளம், ப-வை ஆக்கினால் சுத்த சாவேரி, த-வை ஆக்கினால் சுத்த தன்யாசி. அந்த மாற்றம் காதில் 'டக்'கென்று விழும் கணத்தைத்தான் நாம் வளர்க்க வேண்டும். பயிற்சி இப்படி: தம்புராவை அணைத்துவிடுங்கள். எஃப் – ஏ வாசியுங்கள். எஃப்-ஐ மறுபடி பிடித்து அதை 'ஸ' என்று பாடுங்கள், பிறகு ஏ-யைப் பாடுங்கள். 'க' என்று வாய் தானாகச் சொல்லும். உடனே டி – எஃப். டி-யை 'ஸ' ஆக்குங்கள். இப்போது வருவது க2, மைனர் தேர்ட். ஒவ்வொரு கேள்விக்கும் கீழ் நோட்டு மாறியாக வேண்டும். செவிப்பயிற்சிச் செயலிகளில் கீழ் நோட்டை நிலையாக வைக்கும் வசதி இருக்கும். உங்களைப் போன்றவர்கள் அதை முதல் நாளே அணைப்பது நல்லது. அதை வைத்துக்கொண்டு நூற்றுக்கு நூறு வாங்கலாம், ஆனால் அது ஸ்வரம் கண்டுபிடிப்பது, இன்டர்வல் கண்டுபிடிப்பது அல்ல.

பயிற்சியின் வரிசை முக்கியம். பன்னிரண்டையும் ஒரே நாளில் போட்டுக் குலுக்காதீர்கள். ஆக்டேவ், ஃபிஃப்த், ஃபோர்த் மூன்றோடு தொடங்கி, 20 கேள்வியில் 18 சரியாக வரும்போது அடுத்த ஜோடியைச் சேருங்கள். ஃபிஃப்துக்கும் ஃபோர்துக்கும் குழப்பம் வந்தால், இரண்டு நோட்டையும் சேர்த்து அமுக்கி, காது எந்த நோட்டில் போய் உட்கார விரும்புகிறது என்று கேளுங்கள். ஃபிஃப்தில் கீழ் நோட்டு ஆதாரமாக நிற்கும். ஃபோர்தில் மேல் நோட்டுதான் ஆதாரம் போலத் தோன்றும், கீழே இருப்பது பஞ்சமம் போலக் கேட்கும். அது தற்செயல் அல்ல: ஃபோர்த் என்பது தலைகீழான ஃபிஃப்த்.

அடுத்து இரண்டு தேர்டுகள். மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதை நம்பி இறங்க வேண்டாம். சாதாரண காந்தாரத்தை எத்தனையோ பாவங்களில் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த விதி ஒட்டாது. சேர்த்து வாசித்தால் இன்னொரு சின்ன உறுத்தலும் வரலாம்: தம்புரா கேட்டுப் பழகியவருக்குக் கீபோர்டின் மேஜர் தேர்ட் சற்றுத் தூக்கலாகத் தோன்றும். காரணம் உண்டு. தம்புராத் தந்தியின் ஐந்தாவது ஹார்மோனிக்கில் தானாக எழும் அந்தர காந்தாரம் 5:4 விகிதம், ஏறக்குறைய 386 சென்ட். கீபோர்டின் மேஜர் தேர்ட் 400 சென்ட். மைனர் தேர்ட் நேர்மாறாக, 6:5 விகிதத்தில் 316 வர வேண்டியது கீபோர்டில் 300. ஃபிஃப்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், காதுக்குத் தெரியாது. 100 சென்ட் ஒரு செமிடோன் என்பதால் 14 சென்ட் பெயரை மாற்றாது. ஆனால் 'ஏதோ சரியில்லையே' என்ற உணர்வில் விடையை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

செகண்டுகள் எளிது, மைனர் செகண்ட் உரசும், மேஜர் செகண்ட் அவ்வளவு உரசாது. சிக்ஸ்தையும் செவன்தையும் நேரடியாகப் பிடிக்கப் போராடாமல் பக்கத்து வீட்டிலிருந்து போங்கள். சிக்ஸ்துக்கு, கீழ் நோட்டை 'ஸ' ஆக்கி 'ப' வரை மனத்தில் ஏறி, அங்கிருந்து மேல் நோட்டுக்கு ஒரு செமிடோனா இரண்டா என்று பாருங்கள்: ஒன்று என்றால் மைனர், இரண்டு என்றால் மேஜர். செவன்துக்கு எதிர்ப்புறம்: மேல் நோட்டிலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு ஏறுங்கள். அரைப் படி என்றால் மேஜர் செவன்த், முழுப் படி என்றால் மைனர் செவன்த்.

இறங்கு திசையைத் தனியாகப் பழக வேண்டும், ஏறுவது தெரிந்தால் அதுவும் தானாக வரும் என்று விடாதீர்கள். மேல் நோட்டை மேல் ஸட்ஜமாக்கிக் கீழே வாருங்கள். ஸ-விலிருந்து நி3 மைனர் செகண்ட், நி2 மேஜர் செகண்ட், த2 மைனர் தேர்ட், த1 மேஜர் தேர்ட், ப பெர்ஃபெக்ட் ஃபோர்த், ம1 பெர்ஃபெக்ட் ஃபிஃப்த், க3 மைனர் சிக்ஸ்த், க2 மேஜர் சிக்ஸ்த், ரி2 மைனர் செவன்த், ரி1 மேஜர் செவன்த். தாளில் பார்த்த தலைகீழ் விதியேதான் இது. பெரிய ஸ்வரம் சின்ன இன்டர்வலைக் கொடுக்கிறது என்பதில்தான் முதல் சில நாட்கள் தடுமாறும். 'ஸ – ப' இறங்கும்போது ஃபிஃப்த் என்று பழக்க தோஷத்தில் எழுதுவார்கள், அது ஃபோர்த்.

இரண்டு நோட்டும் ஒன்றாக ஒலிக்கும் கேள்விகளில் தொடக்கக்காரருக்கு மேல் நோட்டு மட்டுமே கேட்கும். பதில் யோசிக்கும் முன் கீழ் நோட்டை வாய்விட்டு முனகிக் கண்டுபிடியுங்கள், பிறகு மேல் நோட்டு, பிறகுதான் பெயர். கீபோர்டில் பியானோ ஒலியை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிங்ஸ் ஒலி அதிர்வோடு வந்து நோட்டின் விளிம்பை மங்கலாக்கும். டூயல் வாய்ஸ் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது ஒலி ஆக்டேவ் தள்ளி வைக்கப்பட்டிருந்தால் தேர்டுக்குள் சிக்ஸ்தும் சேர்ந்தே கேட்கும். டிரான்ஸ்போஸ் எந்த எண்ணில் இருந்தாலும் இன்டர்வல் மாறாது, அதை விடுங்கள்.

ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும், ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் காது மந்தமாகிக் கடைசி அரை மணி வீண். மதிப்பெண்ணைக் குறிக்காதீர்கள், எதை எதுவாகக் கேட்டீர்கள் என்று குறியுங்கள். அந்தப் பட்டியலில் இரண்டு வகைத் தவறுகள் தெரியும். மேஜர் தேர்டை ஃபோர்த் என்பதும் மைனர் சிக்ஸ்தை மேஜர் சிக்ஸ்த் என்பதும் பக்கத்து ஸ்தானத் தவறு: நோட்டைத் துல்லியமாகப் பாடவில்லை என்று பொருள். அதற்கு மருந்து, இடைப்பட்ட ஸ்வரங்களைப் படிப்படியாகப் பாடி ஏறுவது. மேஜர் தேர்டை மைனர் சிக்ஸ்த் என்பதும் மைனர் செகண்டை மேஜர் செவன்த் என்பதும் தலைகீழ்த் தவறு: ஒலியின் நிறத்தைச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள், தூரத்தைத் தவற விட்டிருக்கிறீர்கள். அதற்குப் படிப்படியாகப் பாட வேண்டியதில்லை. நோட்டுகள் நெருங்கி இருக்கின்றனவா, ஆக்டேவ் பக்கமாகப் போய்விட்டனவா என்று ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும். பலர் இரண்டு வகைக்கும் ஒரே மருந்தைப் போட்டுக்கொண்டு முன்னேற்றம் இல்லையே என்கிறார்கள்.

மீதி இருப்பது 6 செமிடோன், ட்ரைடோன். ஸ – ம2 என்று பிடித்துக்கொள்ளலாம், கல்யாணியின் மத்யமம். ஆனால் சங்கராபரணத்துக்குள்ளேயும் அது ஒளிந்திருக்கிறது, ம1-க்கும் நி3-க்கும் நடுவே. தனியாக ஒலித்தால் அது ஆக்மென்டட் ஃபோர்தா டிமினிஷ்ட் ஃபிஃப்தா என்று எந்தக் காதாலும் சொல்ல முடியாது. கீபோர்டில் இரண்டும் ஒன்றே. அடுத்து எங்கே போகிறது என்பதுதான் காட்டிக்கொடுக்கும். எஃப் கீழேயும் பி மேலேயும் இருந்தால் ஆக்மென்டட் ஃபோர்த். அது வெளிப்புறம் விரியும், எஃப் இறங்கி ஈ ஆகும், பி ஏறி சி ஆகும், கிடைப்பது சிக்ஸ்த். பி கீழேயும் எஃப் மேலேயும் இருந்தால் டிமினிஷ்ட் ஃபிஃப்த். அது உட்புறம் சுருங்கும், பி ஏறி சி, எஃப் இறங்கி ஈ, கிடைப்பது தேர்ட். ஜி செவன்த் கார்டிலிருந்து சி மேஜருக்குப் போகும்போது உள்ளே நடப்பதும் இதுதான். ஜி செவன்தை ஜி, பி, டி, எஃப் என்று ஒரு முறையும், கீழே எஃப்-ஐ வைத்து எஃப், ஜி, பி, டி என்று ஒரு முறையும் அமுக்கி, இரண்டையும் சி மேஜருக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கேள்வியில் அடுத்த கார்டும் சேர்ந்து வந்தால், அதையும் கேட்ட பிறகே பெயரை எழுதுங்கள்.